மூன்றாவது கியரின் மேல் ஒரு கை

தலைச்சோலை வெள்ளையன் ஓட்டிய வண்டியில் குறை இருந்தது. அவர் அதை என்னிடம் முன்கூட்டியே சொன்னார். நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் குறையால் ஒரு இளைஞர் இறந்தபோது, பழி வெள்ளையன் மேல் விழும்படி நான் பேசினேன். பிறகு உண்மை எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பல ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், எழுதிக்கொண்டே போகும்போது எங்காவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இடம் தேடுவேன்.

உங்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரியாது. சேலத்தில் நீங்கள் இப்போது வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில்தான் நானும் சர்வீஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். தயாரிப்பை நிறுத்திவிட்ட அந்தச் சின்ன பிக்கப் வண்டியைக் கம்பெனி மறுபடியும் கொண்டுவருகிறது. பெயர் பழையது, எஞ்சினும் உடம்பும் புதியவை. பழைய உரிமையாளர்கள் இத்தனை ஆண்டுகளாக அதை எப்படி ஓட்டினார்கள், எது நன்றாக இருந்தது, எது தொல்லை கொடுத்தது என்று புதிதாகச் சேர்ந்த உங்களுக்காக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கேட்டவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. ஆனால் அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் இது ஒன்றுதான்.

நல்ல விஷயங்களையும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலைக்கென்றே செய்த வண்டி போல இருந்தது அது. பெரிய வண்டிகள் முன்னும் பின்னும் எடுத்துத் திணறுகிற கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் மண் தடத்தில், இரண்டு பக்கமும் காப்பிச் செடி உரச, காப்பி காயவைக்கும் களம் வரைக்கும் போகும். மழைக்காலத்தில் சேற்றில் புதைந்தால் நான்கு ஆள் தூக்கி வெளியே விடலாம். பின்தொட்டியின் அடித்தகடு துருப்பிடிக்கும், கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி கழன்று வரும். இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைக்காரர்கள் அதை வீட்டு ஆடு மாடு போலத்தான் வைத்திருந்தார்கள். திட்டுவார்கள், விற்கமாட்டார்கள்.

ஏற்காட்டில் முதலில் அதை வாங்கியவர்களில் ஒருவர் பஷீர் பாய். மலையில் விளையும் காப்பி, மிளகு, பழங்களை விவசாயிகளிடம் வாங்கி, சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு அனுப்புகிறவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் மலை இறங்குவதென்றால் வெள்ளையன்தான் இறங்க வேண்டும். வெள்ளையன் தலைச்சோலைக்காரர். கொஞ்சம் சாமையும் காப்பியும் போடுகிற குடும்பம். இரண்டு வீட்டுக்கும் வெறும் முதலாளி, டிரைவர் உறவு மட்டும் இருக்கவில்லை. நோன்பு மாதத்தில் பாய் வீட்டுக் கஞ்சி தூக்குவாளியில் தலைச்சோலைக்குப் போகும். அறுப்பு முடிந்தால் வெள்ளையனின் அம்மா சாமை குத்தி பாய் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். தினமும் வண்டி கிளம்பும்போது பாய் கடை வாசலுக்கு வந்து நின்று, "பாத்துப் போ வெள்ளையா" என்பார். வெள்ளையனும் தினமும், "நான் பாத்துப் போவேன் பாய், எதுக்க வர்ற பஸ்ஸுக்காரனுக்குச் சொல்லுங்க" என்பார். சர்வீஸ் விஷயமாக மேலே போனபோது இதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் வெள்ளையன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"ஏனுங்க சார், மூணாவது கியரு நழுவுதுங்க. கையை வெச்சு அமுக்கிப் புடிச்சாத்தான் நிக்குது."

"எங்கே நழுவுது?"

"எறங்கறப்போங்க. அதுவும் லோடு இருந்தாத்தான்."

"ஏறும்போது?"

"ஏறும்போது கம்முனு இருக்குதுங்க. எறங்கறப்போதான் இந்தக் கூத்து."

அந்த ஒரு பதில் எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஏறும்போது எஞ்சின் வண்டியை இழுக்கிறது. இறங்கும்போது பாரம் ஏற்றிய வண்டி எஞ்சினைத் தள்ளுகிறது. பல்சக்கரத்தின் மேல் விழும் அழுத்தம் திசை மாறுகிறது. ஒரு திசையில் பிடித்து நிற்கும் கியர் இன்னொரு திசையில் நழுவலாம். இதைப் படித்துத்தான் நான் பட்டம் வாங்கினேன். வெள்ளையன் தன் உள்ளங்கையால் உணர்ந்ததை எனக்குச் சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கொண்டேன், யோசிக்கவில்லை. அன்று வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெறும் வண்டியை பைபாஸில் ஓட்டினேன். மூன்றாவது கியரில் வேகம் எடுத்தேன், வேகம் குறைத்தேன். ஒன்றும் நழுவவில்லை.

"இங்க நழுவாதுங்க சார்" என்றார் வெள்ளையன். "மேல வாங்க. லோடு ஏத்திக்கிட்டு ஒரு நடை எறங்கலாம். அப்பத் தெரியும்."

"மேலே வந்தா என்ன குடுப்பே?"

"ஒரு கூடை ஆரஞ்சு குடுக்கறனுங்க. புளிச்சா நான் பொறுப்பில்ல."

சிரித்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவருடைய வலது கை கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே இருந்ததைப் பார்த்தேன். ஓட்டாதபோதுகூட அது அங்கே போய் நின்றது. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"இங்க பார் வெள்ளையா. நீ எந்நேரமும் கியர் மேலயே கையை வெச்சு ஓட்டறே. அந்தப் பாரத்துலதான் உள்ளே தேயுது. கியர் போட்டதும் கையை எடு. ஸ்டியரிங்கைப் பிடி. கியர் அதுபாட்டுக்கு நிக்கும்."

பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஒருவர், "கியரு என்ன ஓடிப்போற கோழியாண்ணா, புடிச்சுக்கிட்டே திரியறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். வெள்ளையனும் சிரித்தார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மலை ஏறினார்.

அந்த அறிவுரை பொதுவாகச் சரியானதுதான். கியர் கம்பியில் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால் உள்ளே இருக்கும் உறுப்பு தேயும். உங்களுக்கும் அதைச் சொல்லித் தந்திருப்பார்கள். அதனால்தான் அன்று எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலை நேரத்தில், காப்பி மூட்டை ஏற்றிய அந்த வண்டி அடிவாரத்தை நோக்கி இறங்கும்போது விபத்துக்குள்ளானது. வெள்ளையனுக்குப் பக்கத்தில் பாயின் தம்பி சலீம் உட்கார்ந்திருந்தார். தகப்பன் இல்லாத தம்பியை பாய்தான் தூக்கி வளர்த்தார். சலீமுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

கியர் விலகி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, பிரேக் சூடேறி, பிடிக்காமல் போயிற்று. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் பாறை. வெள்ளையன் வண்டியைப் பாறையில் கொண்டுபோய் உரசி நிறுத்தினார். வேறு எந்த ஓட்டுநரும் அதைத்தான் செய்திருக்க முடியும். பள்ளத்தில் போயிருந்தால் இரண்டு பேரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஆனால் பாறையில் மோதியது இடது பக்கம். சலீம் உட்கார்ந்திருந்த பக்கம். அவர் அங்கேயே இறந்தார். வெள்ளையனுக்குத் தோளெலும்பு முறிந்தது.

நசுங்கிய வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். கியர் கம்பி நியூட்ரலில் நின்றது. "இறக்கத்தில் நியூட்ரலில் விட்டிருக்கிறான்" என்றார் அவர். டீசல் மிச்சம் பிடிக்க மலையில் சில ஓட்டுநர்கள் அப்படிச் செய்வது உண்டு. எனக்குள் ஏதோ இடறியது. வெள்ளையன் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் பஷீர் பாய் வந்தார். அடக்கம் முடிந்த மறுநாள். கூட ஜீப் ஸ்டாண்டு ஓட்டுநர்கள் சிலரும் வந்திருந்தார்கள். பாய் வண்டியின் இடது பக்கத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், நீங்க படிச்சவங்க. உள்ளதச் சொல்லுங்க. வெள்ளையன் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, கியரு தானா கழண்டுக்கிச்சு பாய்ங்கறான். முன்னாடியே உங்ககிட்டச் சொன்னேங்கறான். சொன்னானுங்களா?"

கம்பெனிப் பொறியாளர் என் பக்கத்தில் நின்றார். ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"சொன்னார் பாய். நானே ஓட்டிப் பார்த்தேன். வண்டியில ஒண்ணும் இல்லை."

"அப்போ எப்படிங்க சார்?"

"வண்டி நியூட்ரல்ல இருந்திருக்கு. இறக்கத்துல நியூட்ரல்ல விடறது உங்க மலையில நடக்காததில்லையே."

சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளையன் சொன்னார், உண்மை. நான் ஓட்டினேன், உண்மை. வண்டி நியூட்ரலில் இருந்தது, உண்மை. வெறும் வண்டியை, சமதளத்தில், அவசரமாக ஓட்டினேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். 'மேலே வந்து பாருங்கள்' என்று அவர் கூப்பிட்டதையும் விட்டுவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் பாய் அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டிருப்பார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். எதையும் திட்டமிடவில்லை. கேள்வி என் பக்கம் வந்தது, அதை இன்னொருவர் பக்கம் தள்ளினேன். சூடான பாத்திரத்தைத் தொட்ட கை பின்னால் போவது போலத்தான். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். 'எனக்குத் தெரியவில்லை பாய், நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்ல முடிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லப் பெரிய தைரியம்கூட வேண்டாம். பதில் சொல்லுமுன் கொஞ்ச நேரம் வாயை அடக்கினாலே போதும்.

பாய் தலையை ஆட்டிக்கொண்டு போனார். கூட வந்த ஓட்டுநர்கள் கேட்டார்கள். அன்றைக்கே மலைக்குச் செய்தி போய்விட்டது. 'டீசலுக்கு ஆசைப்பட்டு நியூட்ரல்ல உட்டான், கடைசியில தன் பக்கத்தைக் காப்பாத்திக்கிட்டு அந்தப் பையனைக் கொன்னுட்டான்' என்று பேசினார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளையனுக்கு மலையில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. வழக்கு சில ஆண்டுகள் இழுத்து ஒருவழியாக முடிந்தது. அவர் ஜீப் ஸ்டாண்டில் நின்று, மஞ்சக்குட்டை போகும் ஜீப்புகளுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுகிற வேலைக்கு வந்தார். ஓட்டுநர்கள் டீக்கு ஏதாவது கொடுப்பார்கள். பாய் வீட்டுக் கஞ்சி தலைச்சோலைக்குப் போவது நின்றது. சாமை வருவதும் நின்றது.

விபத்து நடந்து சில மாதங்களில் எனக்கு உண்மை தெரிந்தது. மஞ்சக்குட்டை தங்கராசு என்று ஒரு விவசாயி, அதே வண்டி வைத்திருந்தவர், அதே புகாரோடு வந்தார். "சும்மா பைபாஸ்ல ஓட்டிட்டு ஒண்ணுமில்லீன்னு சொன்னீங்கன்னா, வண்டிய இங்கியே உட்டுட்டு நான் பஸ்ஸுல போயிருவேன் பாத்துக்குங்க" என்றார். போனேன். பலாப்பழம் ஏற்றிய வண்டியை நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு வளைவு தாண்டி மூன்றாவது கியருக்கு மாற்றினேன். வழக்கப்படி கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். கியர் கம்பி ஒரு துள்ளு துள்ளி நடுவில் வந்து தளர்ந்தது. எஞ்சின் சத்தம் அடங்கிற்று. வண்டி முன்னால் ஓடியது.

எப்படியோ இரண்டாவது கியரில் தள்ளி, பிரேக்கைப் பிடித்து ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

"பாத்தீங்களா? நாஞ்சொன்னா நம்பலியே!" என்று தங்கராசு கைதட்டிச் சிரித்தார். நான் ஏன் வெகுநேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. "பயந்துட்டீங்களா சார்? மொத மொத எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு" என்று தோளில் தட்டினார்.

கம்பெனிக்குச் சொன்னேன். அவர்கள் மாற்று உறுப்பு அனுப்பினார்கள். மலை வண்டிகள் சர்வீஸுக்கு வர வர, சத்தமில்லாமல் ஒவ்வொன்றிலும் மாற்றினோம். அதன் பிறகு எந்த வண்டியிலும் கியர் நழுவவில்லை. வெள்ளையனைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. வழக்கு நடக்கிறது, இப்போது பேசக்கூடாது என்று முதலில் நினைத்தேன். பிறகு, பாய் வீட்டில் துக்கம் ஆறிவருகிறது, கிளற வேண்டாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெற்றுவிட்டேன். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

இப்போது அந்த வண்டி திரும்பி வருகிறது. விற்பனைக்கு வருமுன் ஒன்றை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஏரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பழைய உரிமையாளர்களை அழைத்து, டீ கொடுத்து, அவர்கள் அனுபவத்தைக் கேட்டார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

எல்லோரும் புது வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "சீட்டு மெத்தையாட்டம் இருக்குது. இதுல உக்காந்தா தூக்கமல்ல வரும்" என்றார். இன்னொருவர் அடித்தகட்டைக் குனிந்து பார்த்து, "இது எத்தன மழைக்குத் தாங்குமுன்னு பாப்போம்" என்றார். அப்போது தங்கராசு எழுந்து பேசினார்.

"பழைய வண்டி தங்கமுங்க. இன்னிக்கும் என் ஊட்டுல ஓடுது. ஆரம்பத்துல எறக்கத்துல அந்த மூணாவது கியரு மட்டும் தானா கழண்டுக்கும். நம்ம சாரே மேல வந்து ஓட்டிப் பாத்துட்டு, உள்ள என்னமோ மாத்திக் குடுத்தாரு. நம்ம மலை வண்டிக எல்லாத்துக்குமே மாத்துனாங்க. அதுக்கப்புறம் நொம்ப நல்லா ஓடுச்சுங்க."

கூட்டத்தின் ஓரத்தில் பஷீர் பாய் நின்றிருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. அவர் கையில் டீ இருந்தது. தங்கராசுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு நடந்து போனார்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தக் கூட்டத்தில், மறுபடியும் ஏதாவது ஒரு பதில் சொல்லித் தப்பித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் பஸ் ஏறி மேலே போனேன். பாய் கடையில் காப்பிக்கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளையன் என்னைக் கூப்பிட்டது, நான் போகாதது, சமதளத்தில் ஓட்டியது, பிறகு என் கையிலேயே கியர் நழுவியது, வண்டிகளில் உறுப்பை மாற்றியது.

அவர் கையில் இருந்த கொட்டைகளை மூட்டைக்குள் மெதுவாக விட்டார்.

"அவங்கம்மா செத்தப்போ நான் போகலைங்க" என்றார். "இந்த வழியாத்தான் ஆளுங்க போனாங்க. நான் கடைக்குள்ள உக்காந்திருந்தேன். அந்தம்மா கையால எத்தன நாளு சாப்பிட்டிருக்கேன்."

மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடித்தார்.

"ஸ்டாண்டுல தெனமும் நிக்கறான். நான் அந்தப் பக்கம் போனா மூஞ்சியத் திருப்பிக்குவேன். அவன் ஒருநாளும் திருப்புனதில்ல. கும்புடு போடுவான். அதுக்கும் எனக்குக் கோவம் வரும். பண்றதையும் பண்ணிட்டு கும்புடறான் பாருன்னு. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவன்கிட்டப் போறது? சொல்லுங்க. படிச்சவங்கதான நீங்க?"

"பாய், தப்பு என்னோடது..."

"என்கிட்டச் சொல்லி என்னங்க சார் ஆவுது? அன்னிக்கு நாலு பேரு கேக்கத்தானே சொன்னீங்க? இன்னிக்கும் அப்படியே போய்ச் சொல்லுங்க. போங்க. இங்க நிக்காதீங்க."

ஸ்டாண்டுக்குப் போனேன். "மஞ்சக்குட்டை, மஞ்சக்குட்டை... பின்னாடி ரெண்டு பேரு உக்காரலாம், வாங்கம்மா, பையை மடியில வெச்சுக்கலாம்" என்று வெள்ளையன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "சாருங்களா? எப்ப வந்தீங்க? மஞ்சக்குட்டை போகணுமுங்களா?" என்றார்.

ஓட்டுநர்களைக் கிட்டே கூப்பிட்டேன். அன்று ஒர்க்‌ஷாப்புக்கு பாயோடு வந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், பாயிடம் சொன்னதையே மறுபடி சொன்னேன். வெள்ளையன் நியூட்ரலில் விடவில்லை, வண்டியில் குறை, அதை அவர் முன்பே என்னிடம் சொன்னார், நான் மறைத்தேன் என்றேன். ஜீப்பில் ஏறியிருந்தவர்களும் கேட்டார்கள். ஒரு ஓட்டுநர் என்னைப் பார்த்துத் தரையில் துப்பினார். அவரைத் தடுத்தவர் வெள்ளையன்தான்.

"உடு மாப்ளே. வயசானவரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் எதுவும் இல்லை. ஏதோ கணக்குப் புரியாதவரைப் போல நெற்றியைச் சுருக்கினார்.

"கியரு நழுவுமுன்னு எனக்குத் தெரியுமுங்களே சார். அதனாலதான் எப்பவும் கையிலயே புடிச்சிருந்தேன். நீங்கதான், கை வெக்காதே, கை வெச்சாத் தேயும், கையை எடு, அதுபாட்டுக்கு நிக்குமுன்னு சொன்னீங்க. பெரியவங்க சொல்றாங்களேன்னு கொஞ்ச நாளா எடுத்துப் பழகிட்டிருந்தேன். அன்னிக்கும் எடுத்துத்தான் இருந்தேன். புடிச்சிருக்கலாமுங்க. தெரிஞ்சும் புடிக்காம உட்டுட்டேன். சலீம் தம்பி என் பக்கத்துல என்னமோ சொல்லிச் சிரிச்சிட்டிருந்துச்சு. அதனால அப்புறம் யாரு என்ன சொன்னாலும் நான் எதுத்துப் பேசலீங்க. நாந்தானே கையை எடுத்தேன்."

எனக்கு இந்த விஷயம் அதுவரை தோன்றியதே இல்லை. நான் மறைத்ததை மட்டும்தான் இத்தனை ஆண்டுகள் குற்றமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அறிவுரையை மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. அதை என் மேல் குற்றமாகவும் வைக்கவில்லை. ஊர் பேசியதை ஏன் தாங்கிக்கொண்டார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

"கையால பிடிச்சு ஓட்டவேண்டிய நிலைமையில எந்த வண்டியும் ரோட்டுக்கு வரக்கூடாது வெள்ளையா. அதைப் பார்க்க வேண்டியது என் வேலை. உங்க கை மேல தப்பில்லை" என்றேன். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, அவரை 'உங்க' என்று சொல்லியிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

ஜீப் நிரம்பிவிட்டது. வெள்ளையன் பின்பக்கத்தைத் தட்டி, "ரைட், போலாம்" என்றார்.

கம்பெனிக்கும் எழுதினேன். பதில் வரவில்லை. வெள்ளையனுக்கு வண்டி கொடுக்கிறேன் என்று ஜீப் ஓட்டுநர் ஒருவர் முன்வந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு நெடுநாள் ஆயிற்று என்று சொல்லிவிட்டாராம். பாய் ஒருநாள் தலைச்சோலைக்குப் போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் இல்லை. பாய் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

நிர்வாகத்திடம் நான் கேட்டது ஒன்றுதான். புது வண்டி ஒன்றைக்கூட மலைக்காரர்களிடம் கொடுக்குமுன், முழுப் பாரம் ஏற்றி, மேலிருந்து அடிவாரம் வரைக்கும் இறக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வெள்ளையன் உட்கார வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். வெள்ளையன் முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு, "இந்த வண்டியிலயும் நாளைக்கு யாராவது பசங்க உக்காந்து போவாங்கல்லீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

பாரத்துக்கு மூட்டைகள் பஷீர் பாய் கடையிலிருந்து வந்தன. யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரே ஆள் விட்டு ஏற்றினார். உங்களில் ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இடது பக்கம் வெள்ளையன். எனக்கு முன்னால் இடமில்லை. பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வண்டி கிளம்பும்போது பாய் கடை வாசலுக்கு வந்தார். இடது பக்கக் கதவின் மேல் கையை வைத்து நின்றார்.

"பாத்துப் போ வெள்ளையா" என்றார்.

வெள்ளையன் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. "சரிங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

இறங்க ஆரம்பித்தோம். பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டியவர் மூன்றாவது கியருக்கு மாற்றிவிட்டு, உங்களுக்குச் சொல்லித் தந்தபடி கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். உடனே வெள்ளையனின் வலது கை நீண்டு, கியர் கம்பியின் மேல் போய் அமர்ந்தது.

"எடுங்கண்ணா. புது வண்டி. ஒண்ணும் நழுவாது" என்று ஓட்டியவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது.

நழுவவில்லைதான். ஒரு வளைவில்கூட நழுவவில்லை. அந்தப் பாறையைக் கடந்தபோது வெள்ளையன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் இருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகள் வெளுத்துப்போகும்படி கம்பியை அமுக்கிப் பிடித்திருந்தார். அடிவாரம் வந்து, வண்டி ஓரத்தில் நின்று, எஞ்சின் அணைந்த பிறகும் அவர் கை அங்கேயே இருந்தது.